பினொண்டோ உணவு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிலாவின் பினொண்டோ பகுதியில் வழிகாட்டியோடு நடந்து சாப்பிடப் போகிறவர்களும், தாமாகவே போய்ப் பார்க்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மற்றவற்றை விட்டுவிட்டு, சைவம், ஹலால், ஒவ்வாமை பற்றிய பகுதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

பினொண்டோ எங்கே இருக்கிறது? உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று ஏன் சொல்கிறார்கள்?

மணிலாவை இரண்டாகப் பிரித்து ஓடும் பாசிக் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஆற்றுக்குத் தென்கரையில் ஸ்பானியர் கட்டிய இன்த்ராமுரோஸ் கோட்டைநகர். 1594இல் ஸ்பானிய ஆளுநர் லூயிஸ் பெரெஸ் தாஸ்மரின்யாஸ், கத்தோலிக்க மதத்தைத் தழுவிய சீனர்களுக்கென்று இந்த நிலத்தை ஒதுக்கினார். மதம் மாறாத சீனர்கள் பரியான் என்ற தனிக் குடியிருப்பில், கோட்டைப் பீரங்கிகள் எட்டும் தூரத்தில் வைக்கப்பட்டார்கள். பரியான் இன்று இல்லை. பினொண்டோ அதே இடத்தில், அதே மக்களின் வாரிசுகளோடு, இன்றும் கடை நடத்திக்கொண்டிருக்கிறது. பழமைக்கான பெயர் அதனால் வந்தது.

இங்கே குடியேறிய சீன ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். சீனத் தந்தைக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பினொண்டோவில் பிறந்த லொரென்சோ ரூயிஸ் 1637இல் நாகசாகியில் கொல்லப்பட்டார். 1987இல் புனிதர் பட்டம் பெற்ற முதல் பிலிப்பினோ அவரே. இந்தக் கலப்புக் குடும்பங்களின் சமையலைத்தான் நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தட்டில் வருவது நன்றாகப் புரியும்.

நம் ஊர் ‘சைனீஸ்’ போல இருக்குமா?

இருக்காது. காரம், சிவப்பு நிறம், கெட்டியான சோயா குழம்பு ஆகியவற்றை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பிலிப்பைன்ஸ் சீனர்களில் மிகப் பெரும்பாலோர் ஃபூஜியன் மாகாணத்தின் தென்பகுதியிலிருந்து வந்த ஹொக்கியன் மொழிக்காரர்கள். அவர்களுடைய சமையல் மென்மையானது: வேகவைத்த காய்கறி, வேர்க்கடலை, சிப்பி, கடற்பாசி, ஒட்டரிசி, இலேசான இனிப்பு. காரம் வேண்டுமென்றால் மேசையில் இருக்கும் மிளகாய் எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளலாம். கலமன்சி என்ற சின்ன எலுமிச்சையைச் சோயா சாஸில் பிழிந்து தொட்டுக்கொள்வதுதான் உள்ளூர் வழக்கம்.

ஹொக்கியன் அடுக்குக்கு மேல் இன்னும் இரண்டு அடுக்குகள் உண்டு. வறுத்த வாத்து, டிம்சம், மாமி என்ற நூடுல்ஸ் சூப் ஆகியவை தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தவரான கான்டனியர் கொண்டுவந்தவை. 1918இல் குவாங்டோங்கிலிருந்து வந்த மா மோன் லுக், தோளில் காவடித்தண்டு வைத்துத் தெருத்தெருவாக விற்றுத்தான் மாமியை மணிலா முழுக்கப் பரப்பினார். வடகிழக்குச் சீனப் பாணி டம்ப்ளிங், கையால் இழுக்கும் லான்ஜோ நூடுல்ஸ் ஆகியவை அண்மைக் குடியேறிகளுடையவை. மூன்றையும் ஒரே நடையில் சாப்பிடலாம். ஆனால் நேரம் குறைவென்றால் ஹொக்கியன் பண்டங்களை விடாதீர்கள். டிம்சமும் லான்ஜோ நூடுல்ஸும் வேறு பல நகரங்களில் கிடைக்கும், பினொண்டோவின் லும்பியா என்ற காய்கறிச் சுருளும் கியாம்போங் என்ற உப்புச்சோறும் அப்படிக் கிடைக்காது.

வழிகாட்டி அவசியமா?

வழி கண்டுபிடிப்பதற்கு அவசியமில்லை. முக்கியத் தெருவான ஓங்பின் ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பக்கச் சந்துகளையும் சேர்த்து மொத்த நடை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வழிகாட்டி உதவுவது மூன்று இடங்களில்: முன்கூட்டியே சொல்லிவைத்து வரிசையில் நிற்காமல் உட்காரவைப்பார்; ஒரு தட்டைப் பலருக்குப் பங்கிட்டுத் தருவார்; எந்தப் பண்டத்தில் என்ன இறைச்சி என்று கடைக்காரரிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டுச் சொல்வார். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு மூன்றாவது ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம். எதையும் சாப்பிடும் நான்கு நண்பர்கள் தாமாகப் போவதில் ஒரு குறையும் இல்லை. தனியாளாகப் போகிறவர் குழுவில் சேர்வது நல்லது. ஒருவரால் மூன்று தட்டுக்கு மேல் முடியாது.

பதிவு செய்யுமுன் வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும்?

உணவின் விலை கட்டணத்தில் சேர்ந்ததா என்பதை முதலில் கேளுங்கள். சில நடைகளில் எல்லாம் அடக்கம். சிலவற்றில் வழிகாட்டிக்கு மட்டும்தான் கட்டணம், சாப்பாட்டுக்கு நீங்கள் தனியே கொடுக்க வேண்டும். பிறகு எத்தனை பேர் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் சின்னக் கடைகளில் இடம் இருக்காது. பாதிப் பேர் நின்றுகொண்டு ஆறிப்போனதைச் சாப்பிட நேரும். ஐந்து முதல் ஏழு கடைகள், மூன்று முதல் நான்கு மணி நேரம் என்பது சரியான அளவு. பத்துக் கடை என்று விளம்பரம் செய்தால் அதில் பாதி வாசலில் நின்று பார்ப்பதாகத்தான் இருக்கும். மழை வந்தால் என்ன ஏற்பாடு, நடை எங்கே முடியும் என்பவையும் கேட்டுக்கொள்ள வேண்டியவை.

எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். மார்ச் முதல் மே வரை கடும் வெப்பம். அப்போது போனால் காலை எட்டரைக்கே தொடங்கிவிடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெய்யும்போது கால்வாய்கள் நிரம்பித் தெருவில் தண்ணீர் நிற்பதுண்டு. புயல் எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

காலை ஒன்பது மணி நல்ல தொடக்கம். கார்வஹால் சந்தின் சந்தைக் கடைகள் காலையில்தான் களைகட்டும். பதினொன்றரைக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் உணவகங்களை நிரப்பிவிடும், ஆகவே உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கடைக்கு அதற்கு முன்பே போய்விட வேண்டும். இரவு நடைக்குப் பினொண்டோ ஏற்றதல்ல. பழைய கடைகள் பல மாலையிலேயே மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை வண்டி நெரிசல் குறைவு, ஆனால் சில கடைகளுக்கு விடுமுறை. வார நாள் காலை எல்லாவற்றுக்கும் மேல்.

எப்படிப் போய்ச் சேர்வது?

எல்.ஆர்.டி. 1 ரயிலில் காரியேதோ நிலையத்தில் இறங்கி, சாந்தா குரூஸ் தேவாலயத்தைக் கடந்தால் ஓங்பின் தெருவின் கிழக்கு முனை. பாசிக் ஆற்றுப் படகில் வந்தால் எஸ்கோல்டா துறையில் இறங்கலாம். இன்த்ராமுரோஸ் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஜோன்ஸ் பாலத்தை நடந்தே கடந்து, 2015இல் எழுப்பிய பெரிய சீன வளைவின் கீழே நுழையலாம். நுழைவுக்கு இதுதான் அழகான வழி. கார் எடுத்து வராதீர்கள். தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடையாது, நடந்து போகும் தூரத்துக்கு அரைமணி நேரம் வண்டிக்குள் இருப்பீர்கள்.

வழி கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ஊரார் வாயில் பழைய பெயர். கின்டின் பாரேதெஸ் தெருவை ரொசாரியோ என்பார்கள். யுசெங்கோ தெருவை நுவேவா என்பார்கள். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தாமாகவே போனால் எந்த வரிசையில் சாப்பிடுவது?

மென்மையானதில் தொடங்கி எண்ணெயும் கொழுப்பும் மிகுந்ததில் முடிக்க வேண்டும். பலரும் செய்யும் தவறு, முதல் கடையிலேயே வறுத்த சியோபாவ் என்ற இறைச்சி அடைத்த பன்னை வாங்கித் தின்பது. பிறகு லும்பியாவின் ருசி நாக்கில் ஏறாது.

பினொண்டோ தேவாலயத்துக்கு முன்னுள்ள சான் லொரென்சோ ரூயிஸ் சதுக்கத்தில் தொடங்குங்கள். 1596இல் டொமினிக்கன் துறவிகள் நிறுவிய தேவாலயம் இது. இரண்டாம் உலகப் போரில் சிதைந்தபோதும் எண்கோண மணிக்கோபுரம் தப்பி நின்றது. அங்கிருந்து கின்டின் பாரேதெஸ் தெருவில் நியூ போ ஹெங் கடையில் புது லும்பியா. அடுத்து கார்வஹால் சந்து: குடைகள் விரித்த காய், பழ, மீன் கடைகளுக்கு நடுவே, சந்துக்குள் குவிக் ஸ்நாக் என்ற சிறு உணவகம். குச்சாய் என்ற பூண்டு மணமுள்ள தழை வைத்த வறுத்த பணியாரமும் சிப்பி அடையும் இங்கே. சந்தின் மறுமுனை யுசெங்கோ தெருவில் விடும். அங்கே டோங் பேய் கடையில் டம்ப்ளிங்கைக் கண்முன்னே கையால் மடிப்பார்கள். பன்றி இறைச்சியும் குச்சாயும் வைத்தது, வேகவைத்தது. அதே தெருவில் 1956இலிருந்து நடக்கும் சின்செரிட்டி, வறுத்த கோழிக்கும் சிப்பி அடைக்கும் பேர்போனது.

பிறகு ஓங்பின். எங் பீ டின் கடையும் அதே குடும்பத்தாரின் கஃபே மெஸனினும் இங்கே உள்ளன. கியாம்போங் என்ற உப்புச்சோறும், மாவு கரைத்துக் கெட்டியாக்கிய மாக்கி சூப்பும் சாப்பிட இதுதான் இடம். உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்ளலாம். இந்தக் கஃபே தன்னார்வத் தீயணைப்புப் படையினருக்கு உதவுவதற்காகவும் நடத்தப்படுகிறது. சீனப் பிலிப்பினோ சமூகம் தன் செலவில் தீயணைப்பு வண்டிகளை வைத்திருக்கிறது. ஓங்பினில் ஊதா நிறத் தீயணைப்பு வண்டி போனால் வியக்க வேண்டாம், அது எங் பீ டின் கொடுத்தது. இன்னும் கிழக்கே நடந்தால் ஷாங்காய் வறுத்த சியோபாவ். வயிற்றில் இடமிருந்தால் பெனாவிடெஸ் தெருவில் வாய் யிங்கின் வறுத்த வாத்து. அங்கிருந்து காரியேதோ நிலையம் பத்து, பதினைந்து நிமிட நடை.

எவ்வளவு வாங்கினால் போதும்?

நான்கு பேருக்கு: லும்பியா இரண்டு, ஒவ்வொன்றும் பாதியாக வெட்டியது. டம்ப்ளிங் ஒரு தட்டு. ஒரு தட்டில் பத்துக்கு மேல் இருக்கும். சிப்பி அடை ஒன்று. கியாம்போங் ஒன்று, மாக்கி ஒன்று. வறுத்த சியோபாவ் இரண்டு. இதற்குமேல் ஆசைப்பட்டு வாங்கினால் நான்காவது கடையில் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். வெறும் வயிற்றில் வருபவர் முதல் கடையிலேயே அள்ளிப் போட்டுக்கொள்கிறார். ஒரு பழம், ஒரு காப்பி போதும். வழியில் சர்க்கரைப் பானம் குடிப்பதைவிடச் சூடான தேநீர் நல்லது. எண்ணெயை அது கரைத்துக்கொண்டு போகும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை, நாக்கைச் சுத்தம் செய்வது என்னவோ உண்மை.

புது லும்பியாவில் என்ன இருக்கும்? ஏன் உடனே சாப்பிடச் சொல்கிறார்கள்?

இது எண்ணெயில் பொரிக்காதது. மெல்லிய கோதுமை மாவு உறை; அதில் ஒரு கீரை இலை; அதன் மேல் சர்க்கரை கலந்து பொடித்த வேர்க்கடலை, பொரித்த கடற்பாசி, மொறுமொறுவென்று பொரித்த சேமியா. நடுவே முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், டோஃபு ஆகியவற்றைப் பன்றி இறைச்சித் துணுக்கு, இறாலோடு நெடுநேரம் குழைய வேகவைத்த கலவை. மேலே பூண்டு மணக்கும் இனிப்புச் சாறு. கடைக்குக் கடை சேர்மானம் மாறும், ஆனால் இந்த அமைப்பு மாறாது.

இதில் எல்லாமே ஈரத்துக்கும் மொறுமொறுப்புக்கும் இடையிலான போட்டி. உள்ளிருக்கும் காய்கறியின் நீரைக் கடலைப் பொடி கொஞ்ச நேரம்தான் தாங்கிக்கொள்ளும். கால் மணி நேரம் கடந்தால் சேமியா நமத்துவிடும், உறை அடியில் கிழியும். ஆகவே கட்டிக்கொண்டு போகாதீர்கள். அறைக்குப் போய்ச் சாப்பிட வேண்டிய கட்டாயம் என்றால் சாற்றைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். முள்கரண்டியால் குத்தினால் குலைந்துவிடும். கையால் எடுத்து, ஒரு முனையிலிருந்து கடித்து, கடித்த இடத்தில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சாப்பிட வேண்டும். பினொண்டோவில் ஒன்றே ஒன்று சாப்பிட நேரமிருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

சிப்பி அடை சில இடங்களில் கொழகொழவென்று இருக்கிறதே, அது வேகாததா?

வேகாதது அல்ல, அதன் இயல்பே அது. சின்னச் சிப்பிச் சதையைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவுக் கரைசல், முட்டை, வெங்காயத்தாள், முளைகட்டிய பயறு ஆகியவற்றோடு தட்டையான கல்லில் ஊற்றி வேகவைப்பார்கள். கிழங்கு மாவு வெந்ததும் கண்ணாடிபோல் ஒளிபுகும் பசையாகிறது; முட்டை பட்ட ஓரம் மட்டும் முறுகும். முழுக்க வெள்ளையாக, மாவு வாசனையோடு இருந்தால்தான் வேகாதது. முறுகல் விரும்புகிறவர்கள் வாங்கும்போதே சொல்லிவிடலாம். சிப்பியைப் பொறுத்தவரை ஒரே விதி: கூட்டமுள்ள கடையில், சூடாக வந்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

வறுத்த சியோபாவ் சாப்பிட்டு வாய் வெந்துபோவது ஏன்?

ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவில் இறைச்சியையும் வெங்காயத்தாளையும் வைத்து, அகன்ற இரும்புச் சட்டியில் நெருக்கமாக அடுக்கி, எண்ணெய் விட்டு அடி முறுகியதும் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார்கள். மேலே ஆவியில் வெந்து மெத்தென்று இருக்கும், அடி மொறுமொறுக்கும். வெளிப்புறம் தொடும் சூட்டுக்கு வந்த பிறகும் உள்ளே இறைச்சிச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் சிறு துளை கடித்து, ஆவியை வெளியேற்றி, சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு கடியுங்கள். முழுக்க ஆறவும் விடாதீர்கள். அடிப்பாகம் தோல்போல் இறுகிவிடும்.

ஹோப்பியாவில் எது வாங்கலாம்?

மடிப்பு மடிப்பாக உதிரும் மாவுக்குள் இனிப்புப் பூரணம் வைத்துச் சுட்டது ஹோப்பியா. மோங்கோ என்பது பாசிப்பயறுப் பூரணம், முதலில் வாங்க வேண்டியது. ஊபே என்பது ராசவள்ளிக் கிழங்குப் பூரணம். 1912இல் தொடங்கிய எங் பீ டின், 1980களில் இதை அறிமுகப்படுத்தித்தான் நலிந்த வியாபாரத்தை நிமிர்த்தியது. பாபோய் என்ற வகை ‘பன்றி ஹோப்பியா’ என்று பெயர் பெற்றிருந்தாலும், உள்ளே பெரும்பகுதி சர்க்கரைப் பாகில் ஊறிய சாம்பல் பூசணிதான். நம் கடைகளில் விற்கும் ஆக்ரா பேட்டாவைப் பிசைந்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் அதில் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் சேரும்.

யுசெங்கோ தெருவின் ஹோ லேண்டும் நல்ல ஹோப்பியாக் கடை. இனிப்பு மட்டாக இருப்பதை விரும்புகிறவர்கள் இரண்டு கடையிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடையின் கடைசியில் வாங்குங்கள். முதலிலேயே வாங்கிப் பையில் போட்டால், மூன்று மணி நேர நெரிசலில் மடிப்பெல்லாம் தூளாகிவிடும்.

நான் சுத்த சைவம். வரலாமா?

வரலாம், ஆனால் தயாராக வர வேண்டும். இங்கே ‘காய்கறி’ என்று சொல்வதில் இறைச்சி வேகவைத்த நீர், காய்ந்த இறால், சிப்பிச் சாஸ் ஆகியவை இருப்பது இயல்பு. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அல்ல, அவர்கள் கணக்கில் அது சைவம். ஹோப்பியா மாவில் மரபாகப் பன்றிக் கொழுப்புதான் சேரும். பாசிப்பயறு என்று நம்பி எடுத்துவிடாதீர்கள், பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலில் தாவர எண்ணெய் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: தாஹோ என்ற மென்மையான டோஃபு, மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும், காலையில் தெருவில் சுமந்து விற்பார்கள். வேர்க்கடலை மிட்டாய். வறுத்த கஷ்கொட்டை, ஆண்டிறுதி மாதங்களில். கார்வஹால் சந்தின் பழங்கள். தவிர, பௌத்த வழக்கப்படி சமைக்கும் சீனச் சைவ உணவகங்களும் இப்பகுதியில் உண்டு. அவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடத் தவிர்ப்பது மரபு, ஆகவே சமணச் சைவர்களுக்கும் அவையே பொருத்தம். சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த ‘போலி’ இறைச்சி வரும். தோற்றத்தைக் கண்டு திடுக்கிட வேண்டாம். பதிவு செய்யும்போதே ‘இறைச்சி, மீன், இறால், சிப்பிச் சாஸ், பன்றிக் கொழுப்பு, முட்டை’ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்து எழுதுங்கள். ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது.

ஹலால் கிடைக்குமா? மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள்?

பினொண்டோவின் பழைய கடைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி உண்டு. ஒரே சட்டி, ஒரே கரண்டி. மீனோ கோழியோ கேட்டாலும் கலப்பைத் தவிர்க்க முடியாது. இஸ்லாமிய வாசகர்களுக்கு நாங்கள் சொல்வது: பினொண்டோவைப் பார்க்க மட்டும் நடந்து, சாப்பிட அருகிலுள்ள கியாப்போ பகுதிக்குப் போங்கள். அங்கே 1976இல் கட்டிய தங்கப் பள்ளிவாசலைச் சுற்றி நாட்டின் தென்பகுதித் தீவான மிந்தனாவோவின் முஸ்லிம்கள் நடத்தும் ஹலால் உணவகங்கள் இருக்கின்றன. காரமும் தேங்காயும் சேர்ந்த சமையல், தமிழ் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. லான்ஜோ நூடுல்ஸ் கடைகளில் சூப்பே மாட்டெலும்பில் செய்வது. மற்றவற்றில் கேட்டுக்கொண்டால் போதும்.

ஒவ்வாமை?

வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் இந்த நடைக்கு வர வேண்டாம் என்பதே எங்கள் நேர்மையான கருத்து. லும்பியா, கியாம்போங், மிட்டாய் எல்லாவற்றிலும் கடலை. ஒரே பலகை, ஒரே கை. இறால், சிப்பி ஒவ்வாமை உள்ளவர்கள் சிப்பி அடையை மட்டும் தவிர்த்தால் போதும் என்று எண்ணக் கூடாது; லும்பியாப் பூரணத்திலும் நூடுல்ஸிலும் இறால் மறைந்திருக்கும்.

பணம் எப்படி?

ரொக்கம். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசிச் செயலியில் கட்டுவார்கள், வெளிநாட்டவருக்கு அது எளிதல்ல. சின்னக் கடைகளில் அட்டை செல்லாது. தாமாகப் போகிறவர் தலைக்கு 1,000 முதல் 1,500 பெசோ வைத்துக்கொண்டால் சாப்பாடும் வீட்டுக்கு வாங்கும் பொட்டலமும் அடங்கும். 1,000 பெசோ தாளைக் காலையில் தெருக்கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். 50, 100 தாள்களாக வையுங்கள். வெளிநாட்டு அட்டையில் ஏ.டி.எம். எடுப்புக்கு ஒவ்வொரு முறையும் சுமார் 250 பெசோ கட்டணம், ஆகவே ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். கலேசா என்ற குதிரை வண்டியில் ஏற ஆசையிருந்தால், கட்டணம் மொத்த வண்டிக்கா தலைக்கா, எத்தனை நிமிடம் என்பதை ஏறுமுன்பே முடிவு செய்யுங்கள். சண்டை வருவதெல்லாம் இறங்கும்போதுதான்.

பட்டியலில் ஸ்பானியப் பெயர்கள் ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர் நடத்திய பான்சித் (நூடுல்ஸ்) கடைகள்தாம் மணிலாவின் தொடக்கக்கால உணவகங்கள். வாடிக்கையாளரின் ஆட்சிமொழி ஸ்பானியம் என்பதால் பெயர்களை அதில் எழுதினார்கள். மொரிஸ்கெட்டா தோஸ்தாடா என்றால் வறுத்த சோறு. கமாரோன் ரெபொசாதோ என்றால் மாவில் தோய்த்துப் பொரித்த இறால். ‘சூப் நம்பர் 5’ என்று கண்டால், அது காளையின் இனப்பெருக்க உறுப்புகளில் செய்த சூப் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிலுவைக்கு ஊதுபத்தி காட்டுகிறார்களே, படம் எடுக்கலாமா?

சாந்தோ கிறிஸ்டோ தே லோங்கோஸ் என்ற தெருவோரக் கோவில் அது. கத்தோலிக்கச் சிலுவைக்குச் சீன முறையில் ஊதுபத்தி ஏற்றி, மல்லிகை வகையான சம்பகீத்தா மாலை சாத்துவார்கள். வேடிக்கைக்காக நடப்பதல்ல, அன்றாட வழிபாடு. கும்பிடுபவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள். அவர் நகர்ந்த பிறகு எடுங்கள். நீங்களும் ஒரு பத்தி ஏற்றலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

குழந்தைகள், முதியவர்கள், கழிப்பறை, பாதுகாப்பு?

நடைபாதை உடைந்தும் உயர்ந்தும் இருக்கும். கடைச் சாமான்கள் வழியை அடைத்திருக்கும். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி கொண்டுவருவது மிகக் கடினம். சந்துகள் ஈரமாக இருப்பதால் மூடிய, வழுக்காத செருப்பு வேண்டும். நல்ல கழிப்பறைக்கு ரெய்னா ரெஹென்டே தெருவிலுள்ள லக்கி சைனாடவுன் மால்தான் உறுதியான இடம். சின்னக் கடைகளை நம்பாதீர்கள். அந்த மாலுக்குள் சைனாடவுன் அருங்காட்சியகமும் உண்டு. பையை முன்பக்கம் மாட்டுங்கள், கைப்பேசியை முதுகுப் பையில் வைக்காதீர்கள். குடிக்கப் புட்டித் தண்ணீர்.

சீனப் புத்தாண்டன்று போகலாமா?

கொண்டாட்டம் பார்க்க வேண்டுமென்றால் போங்கள். சாப்பிட வேண்டுமென்றால் போகாதீர்கள். சிங்க நடனமும் டிராகன் நடனமும் ஓங்பின் முழுக்க இருக்கும், நகர முடியாத கூட்டம், திக்கோய் என்ற ஒட்டரிசி இனிப்பை வாங்க நீண்ட வரிசை. அடுத்து 2027இல் பிப்ரவரி 6 அன்று வருகிறது. அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாகப் போனால் அலங்காரமும் திக்கோயும் கிடைக்கும், இருக்கையும் கிடைக்கும். செப்டம்பர் வாக்கில் வரும் நிலாத் திருவிழாக் காலமும் நல்லது. அப்போது நிலாக் கேக்குகளைப் பரிசாக வைத்து ஆறு பகடைகளைக் கிண்ணத்தில் உருட்டும் விளையாட்டைக் குடும்பங்கள் ஆடும்.

பினொண்டோவுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. 1762இல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடிக்க அனுப்பிய படை மதராசிலிருந்துதான் புறப்பட்டது. அதில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். மணிலாச் சீனர்களில் பலர் பிரிட்டிஷாரின் பக்கம் நின்றார்கள், பின்னால் ஸ்பானியரிடம் அதற்காகக் கொடுமைப்பட்டார்கள். 1764இல் படை திரும்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் மணிலாவுக்குக் கிழக்கே காயின்டாவில் தங்கிவிட்டார்கள். கடலைக் குழம்பில் செய்யும் காரே காரே அவர்கள் வழி வந்தது என்று சொல்வதுண்டு. அது நம்பிக்கையே தவிர உறுதியான வரலாறு அல்ல.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா?

2025 ஜூன் முதல் சுற்றுலாவுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடச் சான்று வேண்டும். 14 நாளை நீட்டிக்க முடியாது. வருமுன் 72 மணி நேரத்துக்குள் பிலிப்பைன்ஸ் அரசின் ஈடிராவல் தளத்தில் கட்டணமில்லாமல் பதிய வேண்டும். பயணத்துக்கு முன் விதிகளை ஒருமுறை சரிபாருங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்? திக்கோயை எப்படிச் சமைப்பது?

ஹோப்பியா, வேர்க்கடலை மிட்டாய், திக்கோய் மூன்றும் பயணம் தாங்கும். பொட்டலத்தில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பதப்படுத்தாத ஹோப்பியா சில நாள்தான் நிற்கும். இறைச்சியோ பன்றிக் கொழுப்போ சேர்ந்தவற்றைப் பல நாடுகளின் சுங்கத்தில் விடமாட்டார்கள்.

திக்கோய் என்பது ஒட்டரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்த கட்டி. அப்படியே தின்றால் பல்லில் ஒட்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து இறுகவிடுங்கள். அறைச் சூட்டில் வெட்டினால் கத்தியோடு வரும். எண்ணெய் தடவிய கத்தியால் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, குறைந்த தீயில் இருபுறமும் பொன்னிறமாக வறுக்கவும். தீ கூடினால் முட்டை கருகும், உள்ளே கட்டி இளகாது. வில்லைகள் ஒன்றோடொன்று தொடாமல் வைக்க வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொண்டு ஒரே அடையாகிவிடும். முட்டை சேர்க்காதவர்கள் நீர்க்கக் கரைத்த சோள மாவில் தோய்த்து வறுக்கலாம்.